சம்பளம்

கொட்டாஞ்சேனையில் ட்ராம் கிறீச்சிட்டுத் திரும்பும் மூலை.
பாதிரிமார் பள்ளிக்கூடத்துக் கந்தோரில் ஒரு சின்ன யன்னல்.
உள்பக்கம் நான். பதினெட்டு வருடம்.

தமிழ் குறும்புக்காரப் பாஷை.
பிள்ளை கட்டுவதும் சம்பளம்,
நான் வாங்குவதும் சம்பளம்.
இரண்டு ரூபா ஐம்பது சதம்
துறைமுகத்து நிலக்கரித் தூசியோடு
யன்னலுக்குள் வரும்;
மாதக் கடைசியில் அதே தூசியோடு
என் சட்டைப் பைக்குள் போகும்.
வீட்டில் அரிசி அளந்தபோது
எவன் முதுகில் ஏறிய மூட்டை இது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

பத்தாம் திகதி சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு
வகுப்பு வகுப்பாகப் போவேன்.
கிறிசோஸ்தம், ஒரு மாதம்.
ரவூப், ஒரு மாதம்.
பரஞ்சோதி, இரண்டு.
எழும்புவார்கள். வாங்கு முனகும்.

அன்றைக்குக் கரும்பலகையில்
சீமையிலிருந்து வந்த கணக்கு:
பதினாறடி நீளம், பன்னிரண்டடி அகலம்,
அறையின் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்ட
எத்தனை பவுண், எத்தனை ஷில்லிங், எத்தனை பென்ஸ்?
கதவையும் யன்னலையும் கழித்துக்கொள்க.
புளூமெண்டால் தண்டவாளத்தோரம்
பரஞ்சோதி வீட்டுக்குக் கதவு ஒரு சாக்கு.
அவன் கொப்பியை மூடினான்,
வாசலில் நின்றான்,
மூன்று பவுண், நாலு ஷில்லிங், ஆறு பென்ஸ் என்றான்,
போய்விட்டான்.
வாத்தியார் விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
நான் இடாப்பைப் பார்த்தேன்.

என் சித்தப்பா மகன் வலன்ரைன்
கப்பலில் அடுப்பெரிக்கப் போனவன்,
கார்டிஃபில் இறங்கி
அங்கேயே ஒரு மேரியோடு தங்கிவிட்டான்.
சண்டை முடிந்த அடுத்த வருடம் எழுதினான்:
'அண்ணே, இங்கே சட்டம் போட்டுவிட்டார்கள்.
பெரிய பள்ளிக்கூடத்துக்கும் காசில்லை.
பிள்ளைகளுக்குப் போத்தலில் பால்கூட உண்டு.
உங்கள் யன்னலை எப்போது மூடுவார்கள்?'
கடிதத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.
எதற்குப் பூட்டினேன் என்று தெரியாது.

நாலைந்து வருடத்தில் இன்னொன்று,
எழுத்து சாய்ந்திருந்தது:
'ஐரீனுக்குப் பதினொரு வயசு.
ஒரேயொரு காலைநேரம் சோதினை வைத்தார்கள்.
தபாலில் உறை வந்தது, மெல்லிசு.
பக்கத்து வீட்டுக்கு வந்தது தடிப்பு.
தடிப்பு உறை இலத்தீன் படிக்கும்.
எங்கள் உறை தையல் படிக்கும்.
காசு கேட்டிருந்தால்
கடன்பட்டாவது கட்டியிருப்பேன், அண்ணே.'

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்த கிழமைதான்
எங்கள் பள்ளிக்கூடமும் கடைசியில் இலவசத்துக்குச் சம்மதித்தது.
ஒருவரும் வெடி கொளுத்தவில்லை.
தச்சன் வந்து அளந்துவிட்டு
யன்னலை அடைக்க ஏழு ரூபா கேட்டான்.
பாதிரியார் வேண்டாம் என்றார்.
மறுநாள் அச்சகத்திலிருந்து புதுப் பற்றுச்சீட்டுப் புத்தகம்:
'வசதிக் கட்டணம்'.
வசதி இல்லாதவனும் கட்ட வேண்டியது.
என் சம்பளம் இனித் திறைசேரியிலிருந்து வரும்;
அதில் தூசி இராது.

தை மாதம், சேர்க்கை நாள்.
வரிசையில் ஒரு துறைமுகக் கணக்கப்பிள்ளை,
காதில் பென்சில்,
கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி,
இரட்டைப் பின்னல், புதுச் சப்பாத்து.
பெயர் கேட்டேன். பரஞ்சோதி மங்களநாயகி.
எழுதி முடித்தேன்.
அவன் நகரவில்லை.
யன்னலுக்குள் ஐந்து ரூபாத் தாளை வைத்தான்.

'சேர்க்கைக்குக் காசில்லை' என்றேன்.
'தெரியும். இது பழைய பாக்கி.
மூன்றாம் வகுப்பு, இரண்டு மாதம்.'
'அந்த இடாப்பைக் கரையான் தின்றுவிட்டது' என்றேன்.
பொய். என் காலடியில்தான் இருந்தது.
'பற்றுச்சீட்டு தாருங்கள்' என்றான்,
மூன்று பவுண், நாலு ஷில்லிங் என்று சொன்ன அதே குரலில்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
சிறுமி யன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதுப் புத்தகத்தில் இதற்கு நிரல் இல்லை.
அச்சடித்த 'வசதி'யை வெட்டினேன்,
மேலே எழுதினேன்: சம்பளம்.
ரூபா ஐந்து மாத்திரம்.
பெற்றுக்கொண்டவர் இடத்தில் பேனா நின்றது,
மை ஊறிப் பொட்டாகும்வரை.
அந்தப் பொட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டுக்
கிழித்துக் கொடுத்தேன்.